கத்தரி வைப்பதற்கு முன்

முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் நான் நின்று பார்க்கிற சுவர் ஒன்று இருக்கிறது. அதன் சொந்த நிறம் ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. கட்சி மாநாடு, கந்தூரி, குடமுழுக்கு, கண்ணீர் அஞ்சலி, உரக்கடை, புதுப்படம் என்று மேல்மேலாக ஒட்டி ஒட்டிக் காகிதம் தடித்துவிட்டது. ஒட்டுகிறவர் விடிவதற்குள் வந்து போய்விடுவார். மைதாவைக் கொதிநீரில் கிண்டி, மாடு தின்னாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்த பசை அவர் வாளியில் இருக்கும். பழையதைக் கிழிக்க அவருக்கு நேரமில்லை. அதன் தலைமேலேயே புதியதைப் பரத்தித் தேய்த்துவிட்டு அடுத்த சுவருக்குப் போவார்.

ஐப்பசி அடைமழையில்தான் அந்தச் சுவர் வாய் திறக்கும். பசை ஊறி ஓரங்கள் விட்டு, மேலே இருக்கும் முகம் நாக்கு மாதிரி தொங்கும். அடியில் இருந்து போன தேர்தலின் முகம் பாதி தெரியும். அதற்கும் அடியில் மீத்தேன் எதிர்ப்புக் கூட்டத்தின் பச்சை எழுத்து. அந்த எழுத்தைப் பார்த்தாலே எங்கள் பக்கத்தவர்களுக்கு ஒரு காலம் முழுதாக எழுந்துவரும். மன்னார்குடி வட்டாரத்து வயல்களில் மீத்தேன் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த வருடங்கள், கிராம சபைத் தீர்மானங்கள், ஊர் ஊராகப் பேசிக்கொண்டே போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அந்தப் பிரச்சாரத்தில் இருந்தபோதே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானார். அந்தச் சுவரில் இது எதுவும் முழு வாக்கியமாக இல்லை. மூன்று எழுத்தும் ஒரு கதிரின் நுனியும் மட்டும் இருக்கின்றன. பார்க்கிறவருக்கு மிச்சம் தெரியும்.

*

பாரிஸ் நகரத்தில் ரெமோன் ஹேன்ஸ், ஜாக் வில்லக்ளே என்று இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். 1949 முதல் தெருச்சுவர்களில் கிழிந்து தொங்கும் சுவரொட்டிகளை அப்படியே உரித்துக் கொண்டுவந்து, துணியில் ஏற்றிக் காட்சிக்கு வைத்தார்கள். கிழித்தது பெரும்பாலும் வழிப்போக்கர்களும் மழையும். அவர்களுடைய வேலை தேர்ந்தெடுப்பது.

அல்ஜீரிய விடுதலைப் போர் 1954 முதல் 1962 வரை நடந்தது. பிரான்ஸ் தனக்குள்ளேயே இரண்டாகப் பிளந்து கிடந்த காலம். ஒரு கட்சி ஒட்டிய வாசகத்தை இன்னொரு கட்சிக்காரர் நகத்தால் பிறாண்டிக் கிழிப்பார். 1961-இல் அந்தக் கிழிசல்களைச் சேர்த்து இருவரும் ஒரு காட்சி நடத்தினார்கள். 'கிழிந்த பிரான்ஸ்' என்ற பொருளில் அதற்குப் பெயர். போரைப் பற்றித் தாங்களாக ஒரு கோடுகூட அவர்கள் வரையவில்லை. நாட்டு மக்களின் கை கிழித்ததை நாட்டு மக்களுக்கே திருப்பிக் காட்டினார்கள்.

இதை எண்ணிக்கொண்டே அந்தச் சுவர் முன் நிற்பேன். அரசியல் நெருக்கடி ஒன்றை நேரில் கண்டவர் அதை முழுதாகக் காண்பதில்லை. ஓடியவருக்குத் தனக்கு முன்னால் ஓடியவரின் முதுகுதான் தெரிந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவருக்குச் சத்தம் மட்டும். பிறகு யாரோ ஒருவர் எல்லாவற்றையும் கோத்து ஒரே சட்டத்துக்குள் ஒரு பெரிய ஓவியமாக எழுதும்போது, மேலேயிருந்து பார்த்த ஒரு கண் அதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்படி ஒரு கண் அங்கே அன்று யாருக்கும் இருக்கவில்லை. அந்தப் பாரிஸ் நண்பர்கள் செய்தது போல, கிடைத்த துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஒட்டுச்சித்திரம் துண்டைத் துண்டாகவே விடுகிறது. ஒட்டு எங்கே என்பதையும் மறைக்காமல் காட்டுகிறது. அதனால்தான் இந்தக் கலைமேல் எனக்கு நம்பிக்கை.

*

இந்தக் கலை பிறந்தபோதே அதற்குள் போர்ச் செய்தி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1912-இல் பிக்காஸோ செய்தித்தாளை வெட்டி ஒட்டத் தொடங்கினார். ஒரு மதுப்புட்டியும் கண்ணாடிக் கோப்பையும் மேசையும்தான் பார்வைக்குத் தெரியும். கிட்டே போய் ஒட்டியிருக்கும் தாளை வாசித்தால் அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பால்கன் போரின் செய்திகள். காப்பிக்கடை மேசையும் போர்க்களமும் ஒரே தாளில்.

*

2009 ஏப்ரல் கடைசி வாரத்துச் செய்தித்தாள்களை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். காகிதம் சீக்கிரம் பழுத்துவிடும். மடிப்பில் தொட்டால் உதிர்கிறது.

அந்த வாரத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக வந்தன. கடலுக்கு அப்பால் இலங்கையின் வன்னியில், போருக்கு நடுவே, ஒரு சிறு கரையோரத்தில் ஏராளமான மக்கள் அடைபட்டிருந்தார்கள். இங்கே மே 13 வாக்குப்பதிவுக்கான நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரம். ஏப்ரல் 27 அட்சய திருதியை. அன்று காலைதான் முதலமைச்சர் கருணாநிதி சென்னையில் அண்ணா நினைவிடத்தில் போர்நிறுத்தம் கேட்டு உண்ணாவிரதம் அமர்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்ததும் நண்பகலில் முடித்தார். போர் முடியவில்லை. மே மூன்றாம் வாரம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொன்னது.

கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தரையில் விரிக்கிறேன். மேல் பாதியில் தார்ப்பாய்க் கூடாரங்கள். அச்சு மை பரவிப் புள்ளி புள்ளியாக இருக்கும் படம். ஒரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில் நகைக்கடை விளம்பரம். கழுத்து நிறையச் சங்கிலி போட்ட மாடல் பெண் சிரிக்கிறார். வலது ஓரத்தில் கைகூப்பிய வேட்பாளர். மூன்று படத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மட்டும். அந்தக் கோட்டை அச்சகத்தில் பக்கம் கட்டியவர் போட்டிருக்கிறார்.

அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் 1967 முதல் 1972 வரை ஒரு வரிசை செய்தார். வியட்நாம் போர்ப் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி, வீட்டு அலங்காரப் பத்திரிகைகளின் கூடங்களுக்குள் ஒட்டினார். ஒன்றில் ஒரு பெண் திரைச்சீலையைத் தூசு உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்துகொண்டிருப்பார். திரை விலகிய சன்னலுக்கு வெளியே பதுங்குகுழியும் சிப்பாய்களும். அவற்றைக் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோகாமல், நகலெடுத்துப் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் துண்டறிக்கையாக முதலில் விநியோகித்தார். ரோஸ்லர் இரண்டு பத்திரிகைகளைக் கத்தரித்து ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2009-இல் அதற்கு அவசியம் இல்லை. நாங்கள் காலையில் காப்பியோடு வாங்கிப் படித்த தாளிலேயே அது ஒட்டிக் கிடந்தது. படித்தோம், மடித்தோம், எடைக்குப் போட்டோம்.

ஆகவே அந்தத் தாளில் நான் கத்தரி வைக்கவில்லை. முழுப் பக்கத்தையும் கெட்டி அட்டையில் ஏற்றி வைத்திருக்கிறேன். தேதி அச்சிட்ட மேல் விளிம்பு உட்பட. செய்தித்தாளைக் கொண்டு வேலை செய்கிற இளைஞர்களிடம் நான் வற்புறுத்துவது இது: படத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தேதியை எறியாதீர்கள். தேதி போனால் துயரம் பொதுவாகிவிடும். யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லாமல் போய்விடும்.

*

வெட்டியே ஆக வேண்டிய இடமும் உண்டு.

ஹன்னா ஹோய்க் பெர்லினில் ஒரு பெரிய பதிப்பு நிறுவனத்தில் பூத்தையல், சரிகைப்பின்னல் மாதிரிகள் வரைந்துகொண்டிருந்தவர். முதல் உலகப்போர் முடிந்து கைசர் ஆட்சி விழுந்து, தெருவில் புரட்சியும் அடக்குமுறையும் மாறி மாறி நடந்த 1919-இல், பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து ஏறக்குறைய ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் ஓர் ஒட்டுச்சித்திரம் செய்தார். அதன் நீண்ட பெயரிலேயே சமையலறைக் கத்தி வருகிறது. பீர் குடித்துப் பெருத்த வைமார் ஜெர்மனியின் வயிற்றை அந்தக் கத்தியால் கீறுகிறேன் என்பது போன்ற பெயர். கைசரின் தலை, தளபதிகளின் தலைகள், நடனக்காரிகளின் உடல்கள், சக்கரங்கள், பல்சக்கரங்கள். தளபதியின் தலை நடனக்காரியின் உடலில் உட்கார்ந்திருக்கும். 1920-இல் பெர்லினில் நடந்த, டாடா என்ற கலை இயக்கத்தின் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது.

நான் அதன் படத்தை எடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் கண் போவது கீழ் வலது மூலைக்கு. அங்கே ஐரோப்பாவின் சிறு வரைபடத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. பெண்களுக்கு வாக்குரிமை வந்த நாடுகளைக் காட்டும் வரைபடம். அதன் அருகே ஹோய்க் தன் சொந்த முகத்தை, தபால்தலை அளவில், ஒட்டியிருக்கிறார். அத்தனை பெரிய தலைகளைச் சுழற்றி எறிந்த அந்தப் பரப்பில் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் முகத்தை வைத்தார். நான் இங்கே இருந்தேன், என் கையில்தான் கத்தி இருந்தது என்று சொல்வதற்கு அதைவிடச் சிறிய, அதைவிட உறுதியான வழி இல்லை. நாஜி ஆட்சிக் காலத்தில் பெர்லின் ஓரத்துச் சிறு வீட்டில் தன்னுடையதும் நண்பர்களுடையதுமான டாடா படைப்புகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவரும் அவர்தான்.

அவருடைய தோழர் ஜான் ஹார்ட்ஃபீல்ட். ஹெல்முட் ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற பெயரைப் போர்க்கால வெறுப்புப் பிரச்சாரத்துக்கு எதிர்ப்பாக ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர். தொழிலாளர் படப்பத்திரிகை ஒன்றின் அட்டைக்காகப் படங்களை வெட்டி ஒட்டினார். 1932-இல் வந்த ஓர் அட்டையில் ஹிட்லர் தன் வழக்கப்படி கையை மேலே மடித்து வணக்கம் வைக்கிறார். பின்னால் முகம் தெரியாத ஒரு பருத்த உருவம் அந்தக் கையில் நோட்டுக்கட்டை வைக்கிறது. கோடிக்கணக்கானோர் என் பின்னால் நிற்கிறார்கள் என்று ஹிட்லர் பேசிய பேச்சுக்கு அது பதில். ஹிட்லரின் சைகையை ஹார்ட்ஃபீல்ட் மாற்றவில்லை. அது எதை வாங்கும் கை என்று காட்டினார். அடுத்த ஆண்டு ஆட்சி ஹிட்லர் கைக்குப் போனதும் வீட்டைச் சூழ்ந்தார்கள். மாடத்திலிருந்து குதித்துத் தப்பி செக்கோஸ்லோவாக்கியா போய்ச் சேர்ந்தார்.

இந்த இருவரும் வெட்டியது ஆள்கிறவர்களின் முகத்தை. தன் படத்தைத் தானே அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டவரின் முகம் பொதுச்சொத்து. அதை எப்படி வேண்டுமானாலும் கத்தரிக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

*

இறந்தவரின் முகத்தை?

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அந்த மாதத்திலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரத்தில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டார்கள். தெருவில் தனியாகக் கிடந்த ஒருவரின் உடலை ஹோஷி ஜால் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படம் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தது. ஓவியர் விவான் சுந்தரம் அந்த ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 1993-இல் 'மெமோரியல்' என்ற படைப்பைச் செய்தார். தகரப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயில். அந்தப் புகைப்படத்தின் பிரதிகளின் மேல் ஆணிகள். ஒரு பிரதியில் ஆணிகள் உடலை மூடுகின்றன, வேறொன்றில் உடலைச் சுற்றி நிற்கின்றன. பிணத்துக்கு மேல் ஆணி அறைவதா என்று முதலில் நெஞ்சு பதறும். கொஞ்ச நேரம் நின்றால், பாதையில் கிடந்தவரை ஒருவர் கையால் மூட முயல்வதாகத் தோன்றும். தெருவில் யாரும் செய்யாத இறுதிக் காரியத்தை ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து செய்கிறார்.

அந்தப் படைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அங்கே கிடந்தவருக்கு அந்தப் படைப்பில் பெயர் இல்லை. அவரைப் படம் எடுத்தவருக்குப் பெயர் உண்டு, ஆணி அறைந்தவருக்குப் பெயர் உண்டு. அவர் வீட்டார் இந்தப் படத்தை வைத்து என்ன செய்திருப்பார்கள்? அவர்களிடம் கத்தரியைக் கொடுத்திருந்தால் எதை வெட்டியிருப்பார்கள், எதை வைத்திருப்பார்கள்?

*

இந்தக் கேள்விக்குப் பதில் எங்களுக்கு எதிர்க்கரையிலிருந்து வந்தது.

யாழ்ப்பாண நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. 97,000 நூல்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வேற்று நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. புதுப்பிக்கப்பட்ட அந்த நூலகக் கட்டடத்தில் 2004-இல் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. ஓவியர் தா. சனாதனன் அங்கே ஒரு படைப்பு வைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து போர்க்காலத்தோடு சேர்ந்த அன்றாடப் பொருள்களைத் திரட்டி அடுக்கியது. புத்தகங்கள் சாம்பலான கட்டடத்தில், புத்தகங்களின் இடத்தில், மக்களின் கைப்பொருள்கள். மக்களே எடுத்துக் கொடுத்தவை அவை.

2011-இல் அவருடைய 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூல் வந்தது. ஷர்மினி பெரேராவின் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடு. தோம்பு என்பது டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. அரசாங்கக் கோப்பு போலவே தோற்றமளிக்கும் அந்த நூலில், வடக்கிலும் கிழக்கிலும் வீட்டை இழந்து இடம்பெயர்ந்த 80 பேர், தமிழரும் முஸ்லிம்களும், தங்கள் வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார்கள். அதை வைத்துக் கட்டடக்கலை முறைப்படி அளவாக ஒரு வரைபடம். அதன் பிறகு சனாதனன் வரைந்த உலர்வண்ணக் கோட்டோவியம். கூடவே வீட்டின் கதை.

இதை ஒட்டுச்சித்திரம் என்று கலைநூல்கள் வகைப்படுத்துமா, எனக்குக் கவலையில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த மூன்று தாள்கள் இவை. வரிசையைக் கவனிக்க வேண்டும். முதல் தாள் வீட்டுக்காரருடையது. கலைஞரின் தாள் கடைசி. முஸ்லிம்களின் வீடுகளும் அதில் இருப்பதை எங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் தனியாகச் சொல்ல வேண்டும். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். தமிழரின் இழப்பைச் சொல்லும் படைப்புகள் பல அந்த அக்டோபரைத் தாண்டிக் குதித்துவிடும். சனாதனனின் கோப்பு குதிக்கவில்லை.

கொழும்பில் சந்திரகுப்த தேனுவர என்ற சிங்களக் கலைஞரும் இருக்கிறார். சோதனைச்சாவடிகளில் சாலையை மறித்து நின்ற, இராணுவப் பச்சை பூசிய பீப்பாய்களையே 1997 முதல் தன் கலைக்குப் பொருளாக்கினார். 1983 கறுப்பு ஜூலையை மறக்க விடாமல் ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று காட்சி வைக்கிறார். குற்றம் செய்த பக்கத்திலிருந்து பேசும் அந்தக் குரல் இல்லாமல் இந்தக் கோப்பு நிறையாது.

*

சனாதனன் செய்ததை நானும் ஒரு முறை செய்து பார்த்தேன். 1990-இல் படகில் வந்து, இப்போது எங்கள் பக்கத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா. யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்காரர். கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க வீட்டை வரைஞ்சு தாங்கக்கா" என்று பள்ளிக்கூட வரைபடத்தாளையும் பென்சிலையும் கொடுத்தேன்.

"எனக்குக் கீறத் தெரியாது தம்பி" என்றார். கொஞ்ச நேரம் தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நடுவில் ஒரு வட்டம் போட்டார். கிணறு. கிணற்றிலிருந்து இத்தனை எட்டில் குசினி, குசினிக்குப் பின்னால் முருங்கை, அதற்கு அங்கால் ஆட்டுக்கொட்டில் என்று கணக்குச் சொல்லிச் சொல்லிக் கோடு போனது. நான் வீட்டிலிருந்து தொடங்குவார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வளவு முழுவதும் வீடு. வேலிக்கு வந்ததும் தாள் முடிந்துவிட்டது.

"இதுக்கை அடங்காது. இன்னொரு தாள் இருந்தாத் தாங்கோ."

இன்னொரு தாளைக் கொடுத்தேன். அவரே பக்கத்தில் வைத்து, கோடு கோட்டோடு சேர்கிற மாதிரி நகர்த்தி, பசை தடவி ஒட்டினார். வேலி இரண்டாவது தாளில் போய் முடிந்தது. அதோடு நிற்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டையும் வரைந்தார். யார் வீடு, அவர்கள் இப்போது எந்த நாட்டில் என்று சொன்னார். அப்புறம் ஒழுங்கை. ஒழுங்கை முனையில் வைரவர் கோயில். மூன்றாவது தாளும் சேர்ந்தது.

அந்த மூன்று தாள்களை என் முன் வைத்திருக்கிறேன். ஒட்டு மேடாகத் தெரிகிறது. கோடு ஒட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு பிசகு. அந்தப் பிசகைச் சரிசெய்ய எனக்குக் கை வரவில்லை. இந்தத் தாள்களின் மேல் ஒரு செய்தித்தாள் துண்டை ஒட்டலாமா, ஒரு வண்ணம் தடவலாமா என்றுகூட யோசித்தேன். அவரிடம் கேட்டேன். "வேண்டாம் தம்பி, அதை அப்பிடியே விடுங்கோ" என்றார். விட்டுவிட்டேன். என் பங்கு தாள் எடுத்துக் கொடுத்ததும் பசை காயும்வரை ஓரத்தை அழுத்திப் பிடித்ததும்தான். அது போதும் என்று இப்போது படுகிறது.

*

திருத்துறைப்பூண்டி தாண்டிப் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தவர்கள். கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததும் காரணம். பணக்கார மிராசுதாரர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

வெண்மணியைப் பற்றி நாவல் உண்டு, கவிதைகள் உண்டு, ஆவணப்படம் உண்டு, நினைவுத்தூண் உண்டு. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று கூட்டம் கூடுகிறது, சுவரொட்டி ஒட்டுகிறார்கள். அந்தச் சுவரொட்டிகளில் நெருப்பு இருக்கும், முஷ்டி இருக்கும். அந்தத் தெருவில் எந்தக் குடிசை எங்கே இருந்தது, குளம் எந்தப் பக்கம், வாசல் எந்தத் திசை, ஓடி வந்தவர்கள் எந்த வழியாக வந்து அந்த ஒரு குடிசைக்குள் நுழைந்தார்கள், எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அங்கே வாழ்ந்தவர்களின் கையால் வரைந்த ஒரு தாள்தான் நான் பார்க்க விரும்புவது. தலைவர்களின் படத்தையும் தீயின் படத்தையும் ஒட்டுவதற்கு முன்னால், அடித்தாளாக அது இருக்க வேண்டும். நீதிமன்றம் நம்பக் கடினம் என்று சொன்னதற்கு எதிரே வைக்க அந்தத் தெருவின் வரைபடத்தைவிடப் பொருத்தமான சாட்சி எது?

அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று அறுபதுக்கு மேல் ஆகிறது. பெரியவர்களாக இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள்.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பலர் இந்தக் கிராமங்களிலிருந்து போனவர்கள்தான். அவர்களிடமும், டெல்டாவின் பள்ளிகளில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வெண்மணியைப் பற்றியோ மீத்தேன் போராட்டத்தைப் பற்றியோ அகதியாக வந்தவர்களைப் பற்றியோ ஒட்டுச்சித்திரம் செய்ய உங்களுக்கு மனம் வந்தால், இணையத்திலிருந்து படம் எடுத்து வெட்டத் தொடங்காதீர்கள். நாலைந்து வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள். பார்த்தவரைக் கண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வீட்டை வரைந்து தாருங்கள் என்று கேளுங்கள். தாள் போதவில்லை என்று அவர் சொல்வார்; கையில் மிச்சம் வைத்திருங்கள். அவர் வரைந்து முடிக்கும்வரை கத்தரிக்கோல் பையிலேயே இருக்கட்டும். அவர் பெயரை எழுதலாமா, கூடாதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இந்த வருடமே போங்கள்.